டிக்லிபூர் போன தலைப்பொங்கல் சீர்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பஸ்ஸின் கூரை மேல் ஏறியிருக்கிறேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரங்கத் பஜாரின் நடுவில், போகிப் பண்டிகையன்று, ஊரே அண்ணாந்து பார்க்க. ஏறியது தப்பு. ஏறி நின்று ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று சொன்னது அதைவிடத் தப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, அது நான் போர்ட் பிளேரில் ஏறிய பஸ்ஸே இல்லை என்பது. இந்த மூன்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீடு. (பெயரைக் கேட்டு மாட்டைத் தேட வேண்டாம். மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் காலண்டரில் இருக்கும் மாட்டுக்குத்தான் பொட்டு வைப்போம்.) அப்பாவுக்குப் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மெயின்லேண்டிலிருந்து வருகிற எந்தச் சாமானும் அவர் தூக்கி இறக்காமல் இந்தத் தீவுக்குள் வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வீட்டிலும் அவர் கீழே இறங்கி வந்து பேசுகிற ஆள் இல்லை.

அக்கா தேன்மொழி வடக்கே மிடில் அந்தமானில் இருக்கிற ரங்கத்தில் நர்ஸ் வேலை பார்த்தாள். அங்கே தபஸ் என்ற பெங்காலிக் கணக்கு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தமானில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் தெருவிலேயே தெலுங்கு மாமியாரும் மலையாள மருமகளும் ஹிந்தியில் சண்டை போட்டுக்கொள்கிற வீடு இருக்கிறது. மாப்பிள்ளை பெங்காலி என்பதில் அப்பாவுக்கு வருத்தம் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குச் செய்தி வந்தது, அதுதான் வருத்தம். "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்தவனுக்கு மட்டும் கடைசிக் கப்பல்ல அனுப்பியிருக்கா" என்றார். அதன் பிறகு பதினொரு மாதம் அக்காவின் பெயரை அவர் சொல்லவில்லை. அம்மா மட்டும் அவர் டூட்டிக்குப் போன பிறகு அக்காவோடு போனில் பேசுவாள். நான் வாசலில் நின்று காவல் காப்பேன்.

அந்த ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, அப்பா தோளில் ஒரு கரும்புக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். கப்பலில் வந்த கட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்த்து, கணு நெருக்கமில்லாத ஐந்து கரும்பைத் தானே பொறுக்கியிருந்தார். கட்டை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த வெண்கலப் பானையை இழுத்து வெளியே எடுத்தார். அக்கா எட்டாவது படிக்கும்போதே அவளுக்கென்று வாங்கி வைத்த பானை அது. கல்யாணத்துக்குப் போகாமலே கிடந்தது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தலைப்பொங்கலுக்குச் சீர் போகலைன்னா, அப்பன் செத்துட்டான் போலன்னு அங்க நாலு பேரு பேசுவான்" என்றார், பானையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுங்கப்பா" என்றேன்.

"எனக்கு டூட்டி இருக்கு."

(அந்த வாரம் அவருக்கு டூட்டி இல்லை என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.)

அம்மாவுக்கு அந்த ரோட்டு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. பத்தாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். ஆகவே சீர் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. அக்காவுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று அம்மா கேட்டதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். சாமான் போய் எறங்கட்டும். பாத்தா அவளுக்கே புரியும்" என்றார். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் அக்காவுக்குச் சொல்ல நினைத்த ஒரே வார்த்தை அந்தச் சாமான்தான். அதை என் கையில் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் அது அவர் செய்த தப்பு.

போகியன்று விடியற்காலையில், வடகோடியில் இருக்கிற டிக்லிபூர் வரைக்கும் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றினார்கள். ரங்கத் அந்த வழியில்தான் இருக்கிறது. கரும்பும் வாழைத்தாரும் கூரை மேல் கட்டப்பட்டன. பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, அக்காவுக்குப் புடவை, அத்தானுக்கு வேட்டி எல்லாம் ஒரு மூட்டையாகப் பின்சீட்டுக்கு அடியில். என் தோள்பை என் மடியில். நான் பதினொன்றாம் நம்பர் ஜன்னல் சீட்டில், கலெக்டர் மாதிரி.

"கரும்ப விட்டுக் கண்ணை எடுக்காத" என்றார் அப்பா, ஜன்னலுக்குக் கீழே நின்று.

கூரை மேல் இருக்கிற கரும்பைப் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அந்த வயதில் எனக்குத் தலையாட்டத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது.

ஜிர்காடாங் செக்போஸ்டில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, கான்வாய் சேர்த்து, காட்டுக்குள் அனுப்புவார்கள். உள்ளே பழங்குடி மக்கள் வாழ்கிற காடு, போட்டோ எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது. சட்டத்தை மதிக்கிற பிரஜையாகப் போனைத் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். எப்படியும் காட்டுக்குள் சிக்னல் கிடையாது. அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதுவும் எனக்கே வினையாக முடிந்தது.

காடு முடிகிற இடத்தில் கடல் குறுக்கே வரும். அக்கரையில் பாராடாங். பாலம் கிடையாது. பஸ்ஸை ஃபெரியில் ஏற்றித்தான் தாண்ட வேண்டும். பயணிகள் எல்லோரும் கீழே இறங்கி, நடந்துபோய் அதே ஃபெரியில் ஏறிக்கொள்ள வேண்டும். அக்கரையில் மறுபடி அவரவர் பஸ். மிடில் அந்தமானில் கைக்குழந்தைக்கும் தெரிந்த நடைமுறை இது.

நான் மூன்றரை மணிக்கு எழுந்து, சந்தோஷத்தில் இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தேன். ஃபெரி ஏறுகிற ஜெட்டியில் இறங்கும்போது மடியிலிருந்த பையை "இடம் பிடிக்க" சீட்டில் வைத்துவிட்டு (ரிசர்வ் செய்த சீட்டுக்கு இடம் பிடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்), சின்னப் பர்சை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் கழிப்பறையைத் தேடி ஓடினேன். அங்கே பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் வெளியே வந்து, நிம்மதியாக ஒரு வெள்ளரிக்காய் வாங்கி மிளகாய்ப்பொடி தூவச் சொல்லி, அதைக் கடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது என் பஸ் ஃபெரியில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நானும் ஏறிக்கொண்டேன்.

அது என் பஸ் இல்லை. என் பஸ் முந்தின ஃபெரியிலேயே போய்விட்டது. இது அதற்கு அடுத்த பஸ், ரங்கத் வரைக்கும் போவது. அதே நிறம், அதே உயரம், முன்கண்ணாடியில் அதே மாதிரி சாமந்தி மாலை. என் பஸ் கண்டக்டர் அக்கரையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். பக்கத்து சீட்டு அம்மாளிடம் "அந்தப் பொண்ணு வந்துருச்சா" என்று கேட்க, தூக்கத்திலிருந்த அந்த அம்மாள் தலையை ஆட்டியிருக்கிறார். அன்றைக்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தார்கள்.

அக்கரையில் பஸ்ஸுக்குள் ஏறினால் என் பதினொன்றாம் நம்பர் சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு தகர டப்பா. அவர்தான் என் அக்காவின் மாமனார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்துத் திடுக்கிட வைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகாததால் அவரை நான் பார்த்ததே கிடையாது. சங்கராந்திக்குப் பலகாரம் செய்ய, கல்கத்தா கப்பலில் வந்த ஈச்ச வெல்லம் வாங்கப் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், யே மேரா சீட் ஹை. உட்டோ" என்றேன். இது என் சீட், எழுந்திரு.

(பெரியவர்களை இவ்வளவு மொட்டையாக எழுப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுப்பினேன். ரங்கத்காரர்களுக்கு நாலு வார்த்தை கறாராகச் சொன்னால்தான் புரியும் என்பது போர்ட் பிளேர்காரியான என் அன்றைய அபிப்பிராயம்.)

அவர் தன் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் டிக்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பதினொன்று. அவருடையதும் பதினொன்று. என் பையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. யாரோ பின்னால் நகர்த்தி வைத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, படித்த ஜனங்கள் ரிசர்வேஷன் செய்துவிட்டு வருவது எதற்காக, கிடைத்த இடத்தில் எல்லாம் உட்கார்ந்துகொள்வதற்கு இது என்ன மாட்டுவண்டியா என்று ஒரு பாட்டம் பொழிந்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பைட்டோ பேட்டி, பைட்டோ" என்றார். உட்கார் மகளே, உட்கார்.

நான் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டுக்கொண்டேன் என்றுகூட நினைவு. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். கதம்தலாவில் யாரோ இறங்கிய பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. அதற்குள் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தேன்.

ரங்கத்தில் இறங்கியதும் கண்டக்டரிடம் கம்பீரமாகச் சொன்னேன், மேலே இருக்கிற கரும்பை இறக்குங்கள் என்று.

"கோன்சா கன்னா?" என்றார் அவர். எந்தக் கரும்பு.

"என் கரும்பு. அஞ்சு. ஒரு வாழைத்தார். உள்ளே பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூட்டை."

பின்சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது. மேலே கரும்பே இல்லை என்று கண்டக்டர் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்பா தோளில் சுமந்து வந்த கரும்பு, பதினொரு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்த பானை, இவன் யார் அதை இல்லை என்று சொல்ல. துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். பஸ்ஸின் பின்னால் இருந்த ஏணியைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டேன். அங்கே இரண்டு பிளைவுட் பலகை, ஒரு பழைய சைக்கிள், ஒரு கூடை கோழிக்குஞ்சு. கரும்பின் ஒரு தோகைகூட இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் பஜார் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்கறிக்காரர், பூக்காரர், வாங்க வந்தவர்கள், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். நான் கூரை மேல் நின்றுகொண்டு, தமிழும் ஹிந்தியும் கலந்து, கண்டக்டரைத் திருடன் என்றேன். வழியில் கரும்பை விற்றுவிட்டான் என்றேன். சீர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கோழிக்குஞ்சுகளையும் சேர்த்துக் கேட்டேன். கண்டக்டர் பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டிக்கெட்டைக் காட்டு என்றார். நான் மேலேயிருந்து குனிந்து நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, பஸ்ஸின் நம்பரைப் பார்த்துவிட்டு, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாக விளக்கினார். இந்தப் பெண்ணின் பஸ் டிக்லிபூர் பஸ், அது முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே ரங்கத்தைத் தாண்டிப் போய்விட்டது, கரும்பு அதில் சௌக்கியமாகப் போய்க்கொண்டிருக்கும்.

கூட்டம் சிரித்தது. போனும் அந்தப் பையில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறும்போது ஏணி இவ்வளவு உயரம் இல்லை. இறங்கத் தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கீழே யாரோ ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் வெள்ளைச் சட்டைப் பெரியவர். தகர டப்பாவைக் காலுக்கு இடையில் வைத்திருந்தார்.

நான் தரையில் கால் வைத்ததும் மெதுவாகக் கேட்டார்: "தேன்மொழி கா பெஹன் ஹை நா தும்?"

நான் தேன்மொழியின் தங்கைதான். ஆனால் அந்த நிமிஷம் வேறு யாருடைய தங்கையாகவாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அன்று சாயங்காலம் தன் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். முகத்தைப் பார்த்ததும் சந்தேகம்தானாம். நான் கூரை மேல் நின்று திட்ட ஆரம்பித்ததும் உறுதியாகிவிட்டதாம். மருமகள் அவருடைய மகனைத் திட்டுவது அச்சாக அதே மாதிரி இருக்குமாம்.

அவர்கள் வீடு பஜாரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். முன்னால் பாக்கு மரங்கள், பின்னால் ஒரு குளம். எங்களுக்குப் பொங்கல் வருகிற நேரத்திலேயே அவர்களுக்குச் சங்கராந்தி. முற்றத்தில் அக்கா உட்கார்ந்து, அரிசிமாவில் தேங்காய்ப் பூரணம் வைத்து பிட்டே என்கிற அந்தப் பலகாரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. சீர் கொண்டு வந்தேன்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் பர்ஸ், இன்னொரு கையில் ஒன்றுமில்லை.

"என்ன சீரு?"

"தலைப்பொங்கல் சீருக்கா. அப்பா குடுத்துவிட்டாரு. பானை, கரும்பு, புடவை, அத்தானுக்கு வேட்டி. எல்லாம் டிக்லிபூர் போயிருச்சு."

சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு மட்டமான பொய் மாதிரிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. பின்னால் வந்த மாமனார் பஜாரில் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா மறுபடி குனிந்து மாவை உருட்டினாள்.

"சுமி, உனக்கு என்னைப் பாக்கணும்னு தோணுச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பி வந்துட்ட. அது போதும்டி. அதுக்கு எதுக்கு அப்பாவ இழுக்கற."

"சத்தியமா அவருதான்க்கா. கரும்புகூட அவரே பொறுக்கினாரு."

"அவருக்கு மனசு வந்தா ஒரு போன் பண்ணத் தெரியாதா. பதினோரு மாசம் ஆச்சு." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இங்க அத்தை தினமும் கேப்பாங்க, உங்க அப்பா போன் பண்ணாரான்னு. நான் டூட்டில இருப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். இப்ப நீ வந்து ஊரு முன்னாடி சீரு கீருன்னு சொல்லி வச்சிருக்க. நாளைக்கு எல்லாரும் எங்க சீருன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

கூரை மேல் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு கேவலமாக இல்லை. அப்பா சொல்ல நினைத்ததை நான் பாராடாங் ஜெட்டியில் தொலைத்துவிட்டேன், அவர் அதைச் சொல்லவே நினைக்கவில்லை என்று இவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அக்காவின் மாமியார் எதுவும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தார்.

அதே நேரத்தில் டெய்ரி ஃபார்மில் நடந்தது பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது. நான் ரங்கத் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று கணக்குப் பண்ணி அப்பா என் நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். பக்கத்து சீட்டு அம்மாள் என் பையைத் திறந்து எடுத்துப் பேசியிருக்கிறார். "லட்கி நஹி ஹை. சாமான் ஹை." பெண் இல்லை, சாமான் இருக்கிறது. அதைச் சொன்னதோடு லைன் போய்விட்டது. பாராடாங் கடல்கழியில் முதலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அவர் மறுபடி போனை எடுத்து, பத்து நம்பரையும் தானாகவே ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறார். "என்கிட்ட கேக்கல. எங்கயும் எழுதி வச்சுப் பாக்கல. அவ நம்பரு அவருக்கு மனப்பாடமா இருந்துச்சுடி" என்று அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லும்போது முந்தானையைத் தேடுவாள்.

இங்கே அக்காவின் போன் அடித்தது. அவள் கையெல்லாம் மாவு. தபஸ் அத்தான் எடுத்து, திரையில் இருந்த பெயரைப் பார்த்து, ஸ்பீக்கரைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்தப் பக்கமிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பா அங்க வந்தாளா?" என்றது அப்பாவின் குரல்.

"வந்துட்டா" என்றாள் அக்கா.

"உசுரோட இருக்காளா?"

"இருக்கா. எதுக்க நிக்கறா."

அப்பா நீளமாக மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. "சாமான் டிக்லிபூர் போவுது" என்றார்.

"சொன்னா. நான்தான் நம்பல."

"அஞ்சு கரும்பு. நல்ல கரும்பா பாத்து எடுத்தேன். உனக்கு மஞ்சக் கலர்ல ஒரு புடவை, உங்கம்மா எடுத்தா. அப்பறம் அந்தப் பானை."

"எந்தப் பானை?"

"உனக்கு எந்தப் பானை. அதுதான்."

அக்கா அழுதாள். மாவுக் கையோடு முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் வந்து தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். அப்பாவோ அக்காவோ மன்னிப்பு, தப்பு என்று எதையாவது சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

"இவ எப்படிப்பா தொலைச்சா?" என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "அதத்தான் நானும் கேக்கறேன். கரும்ப விட்டுக் கண்ணை எடுக்காதன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

"இவகிட்டயா? நாலாவது படிக்கையில வீட்டுக்கு வராம எதிர்க்கரை பம்பூஃபிளாட் போற போட்டுல ஏறிப் போனவதானே."

"அன்னிக்கு வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு நின்னா. போலீஸ்காரரு கூட்டிட்டு வந்தாரு."

"பஸ்ஸு மேல ஏறி நின்னு கண்டக்டர திருடன்னு சொல்லியிருக்காப்பா."

"ஏறினாளா?"

அப்படியே பேச்சு ஓடியது. நான் ஒன்றாம் வகுப்பில் தொலைத்த செருப்பு வரைக்கும் வந்தது. பதினொரு மாதம் பேசாத இரண்டு பேருக்கு மறுபடி பேச ஆரம்பிக்க ஒரு விஷயம் வேண்டியிருந்தது, அது என் முட்டாள்தனமாக அமைந்துவிட்டது. நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். நான் சும்மா இருந்தேன். அவமானமாகவும் இருந்தது, அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது.

கடைசியில் அப்பா சொன்னார்: "நாளைக்கு மொத கான்வாய்ல நான் வரேன். சாமான் வந்துருச்சுன்னா, நான் வராம அடுப்புல ஏத்தாத ஆத்தா."

அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த வார்த்தையைக் கேட்டும் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிக்லிபூரிலிருந்து திரும்பிய பஸ், சீரை ரங்கத்தில் இறக்கியது. ஐந்து கரும்பும் இருந்தன. பானையில் ஒரு கீறல்கூட இல்லை. மஞ்சள் கொத்து மட்டும் மேலும் கீழும் போய்வந்த களைப்பில் துவண்டிருந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் பொங்கல் பார்க்கக் குளித்து உடுத்தி நின்றார்கள். காலண்டர் சொன்ன நல்ல நேரம் வந்தது, போனது. அக்கா அடுப்பை மூட்டவில்லை. நேற்றுச் செய்த பிட்டேயை வெல்லப்பாகில் தோய்த்துத் தின்றுகொண்டே எல்லோரும் காத்திருந்தோம். அப்பா வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று யாருக்கும் தெரியாமல், பானை பொங்கியபோது ஆளுக்கொரு திசையில் நின்று கும்பிட்டோம். அவர்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத "பொங்கலோ பொங்கல்" என்பதை அக்காவின் மாமனார்தான் எல்லோரையும் விட உரக்கச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் அப்பாவிடம் வந்து, உங்கள் சின்னப் பெண் என்னைச் சீட்டிலிருந்து எழுப்பிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே புகார் செய்திருந்தார். சம்பந்திகள் பேசிக்கொண்ட முதல் வார்த்தையும் என்னைப் பற்றித்தான்.

தலைப்பொங்கல் சீர் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான். அப்பாவோ அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கரும்பு எடுத்துக்கொண்டு அவரே ரங்கத் போகிறார், ரிட்டையர் ஆன பிறகும். பாராடாங் ஜெட்டியில் எல்லோரும் இறங்கி நடக்க, அவர் மட்டும் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு கையை வைத்தபடியே அதோடு நடந்து ஃபெரியில் ஏறுவார். ஜெட்டி ஊழியர்கள் முதலில் திட்டினார்கள். இப்போது விட்டுவிட்டார்கள்.

என் கதை வருஷா வருஷம் சொல்லப்படுகிறது. வருஷா வருஷம் வளர்கிறது. இப்போது நான் கூரை மேல் ஒரு மணி நேரம் நின்றதாகவும், தீயணைப்பு வண்டி வந்து இறக்கியதாகவும், கோழிக்குஞ்சு ஒன்றைக் கையோடு கொண்டுவந்துவிட்டதாகவும் ஆகியிருக்கிறது. என் கல்யாணத்தில் அத்தான் என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்துப்போய், இவளை ஃபெரியில் எப்போதும் முதலில் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் நான் திருத்துவேன், சண்டை போடுவேன். இப்போது செய்வதில்லை. அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பதிலாக என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷப் பொங்கலுக்கும் எல்லோரும் ரங்கத்தில் கூடினோம். சாப்பிட உட்கார்ந்ததும் அத்தான் கதையை ஆரம்பித்தார், தீயணைப்பு வண்டி வரைக்கும் வந்தது. அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்:

"பாப்பா மேல தப்பு இல்ல. அன்னிக்கு நானே வந்திருக்கணும்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், அப்பா வந்திருந்தால் அவரும் கூரை மேல் ஏறியிருப்பார் என்று அத்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் பக்கத்தில் குனிந்து, கேட்காமலே அவர் இலையில் இன்னொரு கரண்டிப் பொங்கலை வைத்தாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.